நூற்றிருபது மீட்டர் அக்கறை

“மெதுவா, மேஸ்திரி. எங்கயாவது கிழிஞ்சா உங்களைச் சும்மா விடமாட்டேன்.”

ஒப்பந்தக்காரர் அந்தக் கறுப்புத் துணியைப் பச்சைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு நின்றார். மேட்டை வெட்டிச் சமப்படுத்தியதில் மண் மலையாகக் குவிந்திருந்தது. கீழே நாணலும் நாரைகளுமாகச் சதுப்பு நிலம். மழையில் மண் கரைந்து அதற்குள் போய்விடாமலிருக்க, நடுவில் இந்தத் துணி வேலி கட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம்.

“அடி ஓரத்தை ஒரு சாண் ஆழத்துக்குப் புதைக்கணும், மொதலாளி. இல்லன்னா சேறெல்லாம் அடியிலேயே பூந்து போயிடும்” என்றார், வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான மேஸ்திரி.

“வேணாம், அழுக்காயிடும். அந்தக் கடைசி மூலையை மட்டும் நல்லா ஆழமாப் புதைச்சிடுங்க.”

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே புதைத்தார். மண்ணைத் தடுக்கிற துணியில் மண் படக்கூடாது என்று சொல்லும் மகானை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

பத்து மணிக்குச் சுற்றுச்சூழல் அதிகாரி வந்து இறங்கினார். ஜீப்பை விட்டு இறங்கும்போதே அவர் பூட்ஸில் சேறு அப்பியிருந்தது. ஒப்பந்தக்காரர் முன்னால் ஓடிப்போய்க் கும்பிட்டார். ஏற்கெனவே இரண்டு நோட்டீஸ் வாங்கியாயிற்று, இன்னொன்று வந்தால் லைசென்ஸே போய்விடும்.

“துணி எத்தனை மீட்டர்?”

“நூத்தி இருபது, சார். அத்தனையும் புதுசு. இந்தப் பறவைங்களைப் பார்த்தா எனக்கு மனசு கேக்கல, சார்.”

“நூத்தி இருபதா? போதும், போதும்” என்று அதிகாரி தன் டைரியில் குறித்துக்கொண்டார்.

பிறகு பச்சை மார்க்கரைத் திறந்தார். சோதித்த துணியின் மூலையில் கையெழுத்தும் தேதியும் போடுவது அவர் வழக்கம். ஒரே துணியை நாலு இடத்தில் காட்டிக் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று அவரே கண்டுபிடித்த வைத்தியம் அது.

“மத்த இடமெல்லாம் காத்துல ஆடுது, இங்க மட்டும் என்ன இவ்வளவு ஆழமாப் புதைச்சிருக்கீங்க?” என்று கடைசி மூலையைப் பிடித்து இழுத்தார்.

மண்ணோடு துணி வெளியே வந்தது. பச்சை மையில் மூன்று கையெழுத்துகள், மூன்று தேதிகள். மூன்றும் அவர் போட்டவைதான்.

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அதிகாரி மூன்று தேதிகளையும் நிதானமாகப் படித்தார். அவற்றுக்குக் கீழே நாலாவது கையெழுத்தைப் போட்டு மார்க்கரை மூடினார்.

“எதிர்க்கரையில நான் வீடு கட்டிட்டிருக்கேன். நாளைக்குக் காலையில எங்க பெரிய ஆபீசர் அங்க சோதனைக்கு வர்றார், சாயங்காலத்துக்குள்ள இந்தத் துணியை அனுப்பி வெச்சிடுங்க.”