இரண்டு கையிலும் வாட்ச்

அந்த மனிதர் இரண்டு கையிலும் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இடது கையில் கறுப்பு. வலது கையில் ஊதா, பெண்கள் கட்டுகிற மாதிரி சின்னது.

மேடம் அதை அவர் உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டாள். வாட்ச் கம்பெனியில் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கருத்துக் கேட்பது அவள் வேலை. நடக்கச் சோம்பல்பட்டு, நடைக் கணக்கு மட்டும் ஏறட்டும் என்று வாட்சை நாய்க் கழுத்தில் கட்டி விட்டவர், ஊஞ்சலில் கட்டி ஆட்டியவர் என்று எத்தனையோ பேரைப் பிடித்தவள். ஆபீசில் அவளுக்குத் ‘துப்பறியும் மேடம்’ என்றே பட்டப்பெயர்.

"அடுத்து வரப்போற வாட்ச்ல என்னென்ன வேணும்? மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள்.

"சார்ஜ் ஒரு வாரமாவது நிக்கணும்மா. கைக்குழந்தை மாதிரி தினம் கவனிக்க வேண்டியிருக்கு" என்றார் பஸ் டிரைவர்.

"கையுறை போட்டிருந்தாலும் வேலை செய்யணும். இப்ப மூக்கால தட்டிக்கிட்டிருக்கேன்" என்றார் நர்ஸ்.

"எனக்கு எதுவும் புதுசா வேணாம். நாள் பூரா நின்னுக்கிட்டே முடி வெட்டறேன். அப்பாடான்னு உட்கார்ந்தா, ‘எழுந்து நில்லுங்க’ங்குது. அந்த வாயை மட்டும் அடைங்க" என்றார் சலூன்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"புது வாட்ச், கட்டியிருக்கறது யாருன்னு நாடித் துடிப்பை வெச்சே கண்டுபிடிச்சுடும். சொந்தக்காரரைத் தவிர வேற யார் கட்டி நடந்தாலும் ஒரு அடி கூடக் கணக்குல ஏறாது. எப்படி?"

அது அவளுடைய சொந்த யோசனை. இன்று வந்தவர்கள் சரி என்றால் வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஊதா வாட்ச்காரர் மட்டும் தட்டவில்லை. முகம் வாடிவிட்டது.

"அது மட்டும் வேணாமே, மேடம்" என்றார்.

மேடம் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"ஏன் சார்? அந்த ஊதா வாட்ச் யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது."

"அவங்க எங்கே?"

"வீட்டுல படுத்திருக்கா."

"அவங்க படுத்திருப்பாங்க, அவங்க நடையையும் சேர்த்து நீங்க நடப்பீங்க. அப்படித்தானே?"

"ஆமாம் மேடம்."

"கொடுத்து வெச்ச மகராசி!" என்றார் டிரைவர்.

"அண்ணே, சத்தமாச் சொல்லாதீங்க. என் பொண்டாட்டி காதுல விழுந்தா, நாளைக்கு என் கையிலயும் ரெண்டு வாட்ச் ஏறிடும்" என்றார் சலூன்காரர்.

அறையே சிரித்தது. அந்த மனிதர் கோபப்படவில்லை.

"மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா. முதுகெலும்புல அடி. இனிமே நடக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

சிரிப்பு பட்டென்று நின்றது. சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவளும் அவ தோழிகளுமா, காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவங்க அஞ்சு பேர். இப்ப ஆளுக்கொரு ஊர். அஞ்சு வாட்சையும் இணைச்சு வெச்சுப் போட்டி போடுவாங்க. அந்த வாரம் யார் அதிகமா நடந்தாங்களோ, அவங்க மத்த நாலு பேரையும் இஷ்டத்துக்குக் கிண்டல் பண்ணலாம். விழுந்ததை அவங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டா. ‘பாக்கறவங்க எல்லாரும் மாத்திரை சாப்பிட்டியான்னுதான் கேக்கறாங்க. என்கூடச் சண்டை போடறதுக்கு அந்த நாலு பேர்தான் மிச்சம். அவங்களையும் அழ வெச்சுட்டா எனக்கு யாருங்க இருக்கா?’ன்னு கேட்டா. அதான் நான் கட்டிக்கிட்டு நடக்கறேன்."

மேடத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் உள்ளே இருந்த துப்பறிகிறவள் லேசில் விடுவதாக இல்லை.

"உங்க கஷ்டம் புரியுது சார். ஆனா அந்த நாலு பேரும் பாவம் இல்லையா? கால் வலிக்க நடந்துட்டு, உங்ககிட்ட ஏமாந்து தோத்துக்கிட்டிருக்காங்களே. தெரிஞ்சா எவ்வளவு வருத்தப்படுவாங்க?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு மேடம். ஒரு தடவை மறதியா அவ வாட்சோட பேட்மின்டன் ஆடிட்டேன். ‘பேட்மின்டன், ஒரு மணி நேரம்’னு நாலு பேருக்கும் செய்தி போயிடுச்சு. ‘பந்து வந்தாலே கண்ணை மூடிக்கறவ இவ. அங்கே என்ன நடக்குது?’ன்னு அதுல ஒரு அம்மா எனக்குப் போன் பண்ணிட்டாங்க. மறைக்க முடியல, சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"நாலு பேரும் அழுதாங்க. தங்களுக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. வழக்கம்போலவே அவகிட்ட வம்புக்கு நிக்கறாங்க."

"போட்டி?"

"அதுவும் நடக்குது. நான் சுத்த சோம்பேறி மேடம், என் நடைக்கு யாரையும் ஜெயிக்க முடியாது. ஆனா அடிக்கடி அவதான் ஜெயிக்கறா."

"அது எப்படி சார்?"

"அந்த வாரமெல்லாம் அவங்க நாலு பேரும் வாட்சை வீட்டுல கழட்டி வெச்சுட்டு நடக்கப் போறாங்க."