பிக்கப்புக்கு நல்ல தண்ணி

"இது வயசானதால வந்த நோவு இல்லீங்க. யாரோ குடுத்த நோவு," என்றார் மெக்கானிக் தேசப்பன், பானெட்டுக்குள் குனிந்த தலையை எடுக்காமலே.

சக்கரபாணிக்குச் சுருக்கென்றது. பாத்தி பாத்தியாக உப்பளம் இருந்தாலும், மிலிட்டரி ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய பிக்கப்தான் அவருக்குத் தலைப்பிள்ளை.

அந்தப் பிள்ளைக்குத்தான் கொஞ்ச நாளாக மூச்சு முட்டுகிறது. உப்பு மூட்டையோடு மேட்டு ரோட்டில் ஏறினால் மிஸ்ஸிங். டப் டப்பென்று திணறி, இழுவையில்லாமல் நின்றுவிடுகிறது.

"பூசணிக்கா சுத்தி உடைச்சேன். எலுமிச்சம்பழம் மாத்திக் கட்டினேன். ஒண்ணும் கேக்கல. அப்புறந்தான் வானூர்லேர்ந்து உன்னைக் கூப்பிட்டேன்."

"பழத்தைக் கட்டுற நேரத்துல பானெட்டைத் தொறந்து பாத்திருக்கலாம்."

பெட்ரோல் தடையில்லாமல் வந்தது. கார்புரேட்டரில் தூசி இல்லை. பிளக்குகளும் பழுதில்லை. கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்தார் தேசப்பன். உள்ளும் புறமும் வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்பு. பிளக்குக்குப் போற கரண்டு இதுல ஒழுகி வழியிலயே செத்துடுது. கடல் ஈரம் வேற பட்டா, நாலு சிலிண்டர்ல ரெண்டு தூங்கிடும்."

"உப்பளத்துல உப்பு பறக்காம சர்க்கரையா பறக்கும்?"

"காத்துல வந்த உப்பு தூசியா உக்காரும். துடைச்சா போயிடும். இது தண்ணியோட வந்து காஞ்சு, மேல மேல படிஞ்சது. வண்டியை உப்புத் தண்ணியில கழுவுறாங்க."

சக்கரபாணி திரும்பினார். பாத்தி வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான் டிரைவர் சிலுவைமுத்து.

"டேய் சிலுவை! தினம் பிரம்மதேசத்துக் கிணத்துலேர்ந்து ஒரு டிரம் நல்ல தண்ணி எதுக்குடா ஏத்திட்டு வரச் சொன்னேன்?"

"வண்டி கழுவ, மொதலாளி."

"கொண்டு வர்றியா?"

"ஒரு நாள் தவறாம."

"அப்ப எதுலடா கழுவுற?"

"இங்க இருக்குற கிணத்துல."

அந்தக் கிணறு கடலுக்குத் தங்கை. தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

"டிரம் தண்ணி எங்கடா போவுது?"

சிலுவைமுத்து கட்டிய கையை எடுக்கவில்லை. தலையும் குனியவில்லை.

தேசப்பனுக்கு அந்த நிமிர்வைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எத்தனை டிரைவர்களைப் பார்த்தவர். ஏதோ டீக்கடையில் இறக்கிவிட்டுக் காசு பார்க்கிறான் என்று முடிவுகட்டினார்.

"தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. ஏம்பா முறைக்கிற?"

"தப்பு பண்ணவன் சொல்லட்டும்ணே."

"வித்துட்டியாடா?" என்றார் சக்கரபாணி.

"விக்கல."

"பின்ன?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நாளைலேர்ந்து டிரம்முக்குப் பூட்டு விழும்."

"இரும்பை உப்பு தின்னுடும்டா! மனுஷனுக்குத் தோல் உரிஞ்சா திரும்ப வளரும். இரும்புக்கு வளருமா?"

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"சாவியைக் குடுத்துட்டு நடடா! பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எந்தத் தெருவுல வேணா நில்லு!"

சிலுவைமுத்து சாவியை எடுத்து மட்கார்டின் மேல் வைத்தான். எறியவில்லை. சத்தமே வராமல் வைத்தான். அதுதான் சக்கரபாணியை அதிகம் சுட்டது.

மேலும் கத்தினார். சித்திரை வெயில். கத்தின கத்தலில் தொண்டை அடைத்தது. இருமல் கிளம்பி நிற்காமல் குலுக்க, முகம் கறுத்துப்போய் பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் அசைந்தவன் சிலுவைமுத்துதான்.

"லீமாக்கா, அந்தக் குடத்தை எடுத்துட்டு வா!"

பெண்களில் மூத்தவளான லீமா நகரவில்லை. "உன்னை நட்டாத்துல விட்டவருக்கா?"

"எடுத்துட்டு வாக்கா. சண்டை நாளைக்கும் இருக்கும்."

கீற்று நிழலில் இருந்த குடம் வந்தது. சக்கரபாணி ஒரு சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கி, அதை நிதானமாகக் குடித்தார்.

"அப்பாடா! உசுரு வந்துது. இளநி மாதிரி இருக்குது."

துண்டால் வாயைத் துடைத்தார். குரல் திரும்பியதும் கோபமும் திரும்பியது. சாவியை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"கடைசியா கேக்குறேன். என் வண்டிக்கு வச்ச தண்ணி எங்க போச்சு?"

லீமாதான் அவர் கையிலிருந்த சொம்பை வாங்கினாள்.

"அதுல ரெண்டு சொம்பு இப்ப உங்க தொண்டையில எறங்குச்சு, மொதலாளி. நாங்க வீட்டுலேர்ந்து தூக்கிட்டு வர்றது உச்சிப் பொழுதுக்கு முன்னாலயே தீந்துடுது. அப்புறம் நாங்க குடிக்கிறதும் அதுதான்."

சக்கரபாணியின் கை சாவிக்குப் போகவில்லை. மேட்டு ரோட்டில் நின்ற பிக்கப் மாதிரி பாதியில் நின்றது.

தேசப்பன்தான் சாவியை எடுத்தார். சிலுவைமுத்துவின் சட்டைப் பையில் போட்டார்.

"வண்டிக்கு ஒரு ஈரத்துணி போதும்ங்க," என்றார்.