எருமை முகம் பார்த்த படம்

குரங்கு எங்கிருந்தோ ஒரு சின்ன கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தது. எருமைக்கு ஒரே ஆசைதான், தன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். குளத்தில் பார்க்கலாமென்றால் கால் வைத்ததுமே தண்ணீர் கலங்கிவிடுகிறது.

குரங்கு நாலைந்து படம் எடுத்தது. எல்லாவற்றிலும் எருமை முதுகில் நின்ற கொக்கு இறகு இறகாகத் தெரிந்தது. கீழே எருமை வெறும் கரிமூட்டை.

"படம் ஜோரா இருக்கு," என்றது கொக்கு. "நீ கறுப்பா இருந்தா கேமரா என்ன பண்ணும்?"

எருமை குரங்கிடம், "வெளிச்சத்தைக் கூட்டேன்டா," என்றது.

"கூட்டுறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லக்கா. வெள்ளையைப் பார்த்தா கேமரா தானாவே வெளிச்சத்தைக் குறைச்சுக்குது. பட்டனைப் பாதி அமுக்கிப் பிடிச்சா மட்டும் அப்போ பார்த்த வெளிச்சத்திலேயே நிக்குது."

"அப்போ முதல்ல என் மூஞ்சிக்கு நேரா வச்சு பாதி அமுக்கு. விரலை எடுக்காம மேல தூக்கி, கொக்கையும் சேர்த்து மீதியை அமுக்கு."

குரங்கு அப்படியே செய்தது. படத்தில் எருமைக்குக் கண் இருந்தது, இமைமயிர் இருந்தது, மூக்கோரம் ஒரு பழைய தழும்புகூட இருந்தது. எருமை அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றது.

கொக்கும் எட்டிப் பார்த்தது. அது நின்ற இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் இருந்தது.

"கேமரா கெட்டுப்போச்சு," என்றது கொக்கு.