மூன்றாவது விசில்

"சொந்தப் பாட்டுப் போட்டியில சினிமாப் பாட்டைத் திருடிப் பாடறியே, வெட்கமா இல்லை?"

நடுவர் அச்சுதன் மைக்கிலேயே கேட்டார். புனே தமிழர்கள் நிறைந்த அரங்கம் சிரித்தது.

"நானே எழுதி, நானே மெட்டுப் போட்டது சார்" என்றாள் மேடையில் நின்ற தமிழரசி.

"இன்னும் ரிலீஸே ஆகாத படத்துப் பாட்டும்மா இது! நெட்ல இருந்து நானே இறக்கி வெச்சிருக்கேன். அந்தப் பாடகியோட குரலைக்கூட நீ விட்டு வைக்கலை!"

தன் செல்போனை மைக்கருகே பிடித்தார். அதே பாட்டு. பின்னணியில் குக்கர் விசில்.

தாபோடியிலிருந்து பஸ் மாறி வந்திருந்த அம்மா பவுன், மேடைக்கே ஏறிவிட்டாள்.

"ஐயா, அது எங்க வீட்டு குக்கரு! அடுப்படியில உக்காந்துதான் பாடிப் பதிஞ்சா. மூணாவது விசிலு மட்டும் அழுகிற மாதிரி இழுக்கும், கேளுங்க!"

மூன்றாவது விசில் இழுத்தது. அரங்கம் அடங்கியது.

அச்சுதன் குரல் இறங்கியது. "அப்போ இதுக்கு அந்தப் படத்துப் பேரை வெச்சு நெட்ல விட்டது யாரும்மா?"

பவுன் மைக்கைப் பிடுங்கினாள்.

"எம்புள்ள பாட்டுக்கு எவன் பேர மாத்துனானோ, அவன் கை வெளங்காமப் போவ! தொண்டை அடைச்சுப் போவ! ஏன்டி மரம் மாதிரி நிக்கிறே? நீயும் சொல்லுடி!"

மைக் மகளின் வாய்க்கு வந்தது.

தன் பேரில் நெட்டில் மூன்று மாதம் கிடந்து நாலே பேர் கேட்ட பாட்டுக்கு, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தன் கையாலேயே அந்தப் படத்தின் பேரைச் சூட்டியிருந்த தமிழரசி சொன்னாள்:

"நாசமாப் போகட்டும்."

அரங்கம் கை தட்டியது.