ஒரு வீடுகூடக் குறையாமல்

"நான் வரலன்னு எத்தன தடவ சொல்றது, தம்பி—"

"ஒரு வீடு கொறைஞ்சாலும் அது கூட்டாஞ்சோறு இல்லக்கா—"

"அரிசி தர்றேன், பருப்பு தர்றேன், தேங்காகூடத் துருவித் தர்றேன். ஆள மட்டும் விடு."

"தேங்கா வந்து பந்தியில ஒக்காருமா? சும்மா வாங்கக்கா."

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் குழாயடியில் பெண்கள் தண்ணீர் பிடிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பக்கம் தோட்டத்து இளைஞர் மன்றத் தலைவன் அர்ஜுனன். மறுபக்கம் கொழுந்து பறிக்கும் இராசம்மா.

மே தினமும் மறுநாள் ஞாயிறும் ஒட்டி வந்திருந்தன. இரண்டு நாள் லீவு. ரிங்லெட் டவுனுக்குக் கீழே ஆற்றோரம் கித்தான் கூடாரம் அடித்து, மூன்று லயத்துச் சனமும் அங்கேயே தங்கி, ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட வேண்டும் என்பது அர்ஜுனனின் திட்டம். அரிசி வீட்டுக்கு வீடு. ஆடு மன்றத்துச் செலவு. அறுக்க மூசா பாய் வருவார். அவர் கடையில் சோறாக்கும் பெரிய தேக்சாவும் கூடவே வரும்.

கிழவர்கள் நடக்க முடியாதென்றார்கள், லோரிக்குச் சொன்னான். கைக்குழந்தைக்காரிகள் குளிருமே என்றார்கள். ஆபீஸில் கெஞ்சிக் கம்பளி வாங்கினான். மிச்சம் இராசம்மா மட்டும்தான்.

"அடுத்த மாசம் ஜெயாவுக்குக் கல்யாணம். நகை செஞ்சு வீட்டுல வெச்சிருக்கேன். ஆம்பள இல்லாத வீடு. அது போச்சுன்னா எம்மக கல்யாணமும் போச்சு."

"அத்தன பேரும் ஆத்தங்கரையில இருக்கப்போ எடுக்கறதுக்கு யாருக்கா இருக்கா?"

"அப்ப கையோட கொண்டாந்துர்றேன்."

"ஆத்துல குளிக்கறப்ப ஒரு வளையல் நழுவிச்சுன்னா பழி எந்தலையில விழும். டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில வெச்சுட்டு வாங்க."

அர்ஜுனனின் மனைவி அம்சவல்லி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "அவங்கதான் பயப்படுறாங்கல்ல, விடுங்களேன்."

"நீ சும்மா இரு. அன்னிக்கு லயத்துல ஒரு பூனகூட இருக்கக் கூடாது."

இராசம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி தம்பி. நீ இவ்வளவு சொல்றப்போ வர்றேன்."

பூனைகூட இருக்காது என்ற சேதி அன்று மாலையே ரிங்லெட் காப்பிக் கடையில் சின்னக்கருப்பன் காதுக்குப் போனது. திரிங்காப்பிலிருந்து தாப்பாவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். லயத்துப் பக்கம் அவன் தலைகாட்டியதே இல்லை. காட்டாமல் பார்த்துக்கொண்டவன் அர்ஜுனன். மூன்றாம் லயம், கடைசி வீடு, டிரங்குப் பெட்டி. அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

மே தினத்தன்று விடியும்போதே ஆண்கள் போய்க் கூடாரம் அடித்தார்கள். பெண்கள் பின்னால் லோரியில் வந்து இறங்கினார்கள். அர்ஜுனன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவர் பாக்கியில்லை.

மூசா பாய் தேக்சாவைக் கிளறியபடி, "இத்தன வருசத்துல இந்த மலையில இப்படி ஒரு சோறு வெந்ததில்ல, தம்பி. ஒனக்கு நல்ல மனசு" என்றார்.

பந்தி போடும் நேரத்தில் மேலே ரோட்டில் முட்டைக்கோஸ் லோரி ஒன்று நின்றது. சின்னக்கருப்பன் இறங்கி வந்தான். வழிப்போக்கனுக்கும் இலை உண்டு என்று மன்றத்தில் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அவனைக் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி உட்காரவைத்து, தலைவனே பரிமாறினான்.

"என்னாச்சு?"

"பெட்டியில வெறும் சேலைதாண்ணே. ஒதறியே பாத்துட்டேன். பொட்டுத் தங்கம் இல்ல."

அர்ஜுனன் திரும்பினான். இராசம்மா அடுப்புக்குப் பக்கத்தில் தேங்காய் பிழிந்துகொண்டிருந்தாள். ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. "அதக் கழட்டேம்மா" என்றாள் ஜெயா. "குளுருதுடி" என்றாள் இராசம்மா. ஸ்வெட்டர் கைக்குள் முழங்கைவரை அடுக்கடுக்காகப் புடைத்திருந்தது.

அர்ஜுனன் பல்லைக் கடித்தான்.

"வெறுங்கையோட வரலண்ணே," என்றான் சின்னக்கருப்பன், எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "எல்லாக் கதவும் சும்மா சாத்திக் கெடக்கு. ஒரே ஒரு வீட்டுலதான் பூட்டு. ஒண்ணும் இல்லாதவன் எதுக்குப் பூட்டுறான்? ஒடச்சேன். நீங்க சொன்னத விட நல்ல சாமான். கோசுக்கு அடியில கெடக்கு."

"எந்த வீடு?"

"எனக்கென்னண்ணே தெரியும். எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு."

லயத்தில் பூட்டுப் போடுகிற ஆள் யார்? கொழுந்துக்காரிகளை வேலை வாங்கும் கங்காணியாகத்தான் இருக்கும். எதிர்ப் பந்தியில் கங்காணி கண்ணை மூடி விரலை நக்கிக்கொண்டிருந்தார். அர்ஜுனனுக்குச் சிரிப்பு வந்தது. சின்னக்கருப்பன் இலையில் இன்னொரு கரண்டி கறி வைத்தான்.

"சாப்ட்டுட்டு ஒடனே கெளம்பு. இன்னிக்கே ஈப்போவுல தள்ளிரு. உருக்கிட்டா அப்புறம் எவனும் அடையாளம் சொல்ல முடியாது."

லோரி வளைவில் திரும்பி மறைந்தது. அர்ஜுனன் பசியோடு தன் இலையில் வந்து உட்கார்ந்தான். அம்சவல்லி சோற்றை வைத்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

"காலையில கெளம்புறப்போ வீட்டையே திரும்பித் திரும்பிப் பாத்தீங்கல்ல, அதான் ஆபீஸ் கிராணி வீட்டம்மாகிட்ட ஒரு பூட்டு எரவல் வாங்கி மாட்டிட்டு வந்தேன், எங்கம்மா போட்ட அட்டிகை, காசுமாலை எல்லாம் பத்திரமா உள்ள இருக்கு, நீங்க நிம்மதியா சாப்பிடுங்க."