அவருக்கும் அதே கேள்வி

“இதே கேள்வியை அவர்கிட்டயும் கேளுங்க!”

வானொலி நிலையத்தில் இரண்டு எழுத்தாளர்களோடு நேரலைப் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. இதை மட்டும் கேட்டுவிடாதே என்று காலையிலேயே அவளுக்குப் புத்திமதி சொல்லப்பட்டிருந்தது.

“எந்தக் கேள்வி மேடம்?” தொகுப்பாளர் அசடு வழிந்தார்.

“கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எப்படிக் கதை எழுதுறீங்கன்னு என்னைக் கேட்டீங்கல்ல, அதான். எங்க வீட்டுல முதல்ல காலேஜ் போனவ நான். கேள்வி கேட்கத்தான் படிச்சேன்.”

எதிரே இருந்த நாவலாசிரியர் தொண்டையைச் செருமினார். “எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. நான் எழுத உட்கார்ந்தா வீட்டுல சத்தமே இருக்காது. ரொம்பச் சமத்து.”

“கொடுத்துவச்சவர் சார் நீங்க!” என்றார் தொகுப்பாளர்.

“சமத்தா?” அவள் சிரித்தாள். “சார் ரூம் கதவைச் சாத்தினதும் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தி மொட்டைமாடிக்கு ஓடுறா. மழை பெஞ்சா குடையோட நிக்கிறா. அவளும் எழுதுறவதான்.”

“உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

“அந்த ஒருத்தியே நான்தான். பெண்டாட்டின்னு வெளிய சொல்லாதே, சிபாரிசுன்னு பேசுவாங்கன்னு ஐயா உத்தரவு. இந்தக் கேள்வியைக் கேட்காதேன்னு சொன்னதும் இவர்தான்.”

“ஏய், லைவ்ல போகுதுடி!”

“போகட்டும். பாப்பா பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கா, போய்த் தூக்கிக்கோங்க. இனிமே காலையில மொட்டைமாடி உங்களுக்கு. ரூம் எனக்கு.”

நாவலாசிரியர் அவசரமாகச் சட்டைப் பையைத் தடவினார். எழுதும் அறையின் சாவி இல்லை.

அது அவள் விரலில் சுழன்றபடி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.