சிங்காரிக்கு என்ன கோளாறு?

மகன் கையில் செய்தித்தாள் பொட்டலத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அந்த முதியோர் இல்லத்தில் மற்ற அப்பாக்களுக்குப் பழம் வரும், பிஸ்கட் வரும். இவருக்குக் கிரீஸ் நாற்றத்தோடு ஏதாவது இரும்பு வரும். அதில்தான் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

"பார்த்தீரா போஸ்ட் மாஸ்டரே, வந்துட்டான்" என்றார் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து. "உம்ம பையன் பாசத்தைப் போன்லயே முடிச்சுக்குவான். என் பையன் வண்டிக்கடியில படுத்துக் காட்டறான்."

ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய மகனிடமிருந்து அந்த போனும் வந்து மாதக்கணக்காகிறது. அது தெரிந்தேதான் கண்ணாடிக்காரர் வாரம் தவறாமல் குத்துவார்.

வண்டி என்றால் சிங்காரி. கண்ணாடிக்கடை நடத்திய காலத்தில் அவர் ஆசை ஆசையாய் வாங்கிய பழைய குட்டி வேன். ஆறு நாள் ஊராருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு, ஞாயிறு முழுக்க அதன் அடியில்தான் கிடப்பார். கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார். பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசியதைவிட அதோடு பேசியதுதான் அதிகம்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போன பிறகு மகன் அவரை இங்கே கொண்டு வந்து சேர்த்தான். "உங்களால கார்ல மடங்கி உட்கார முடியாதுப்பா. சிங்காரியை ரெடி பண்ணிடறேன். பின்னால மெத்தை போட்டு, ராஜா மாதிரி நீட்டிப் படுக்க வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

அன்றே அவர் பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். அலமாரியில் தனக்கென்று இருந்த துணி வைக்கும் தட்டையும், "நான் இன்னிக்கோ நாளைக்கோ கிளம்பற ஆளு, நீரே வச்சுக்கும்" என்று போஸ்ட் மாஸ்டருக்குத் தாரை வார்த்துவிட்டார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு கோளாறு. கருகிப்போன பிளக், நைந்துபோன கிளட்ச் கேபிள், உடைந்த ஸ்பிரிங். எல்லாம் இப்போது ஜன்னல் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தாமதமாகிறதே என்று அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சின்ன வயதில் கை அழுக்காகும் என்று வேன் பக்கமே தலைவைத்துப் படுக்காத பையன் அவன். "எங்களைவிட உங்களுக்கு இந்த டப்பாதான் பெருசு" என்று ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொன்னவன். அவனே இன்று ஸ்பேனர் பிடிக்கிறான் என்றால் சும்மாவா?

"மலை ரோட்டுல பார்த்திருக்கணும்யா" என்று ஆரம்பித்தார், போஸ்ட் மாஸ்டர் நூறு முறை கேட்ட கதையை. "ஊரான் வண்டியெல்லாம் மூச்சு வாங்கிட்டு ஓரமா நிக்கும். ஆளாளுக்கு வாளியைத் தூக்கிட்டு அலைவாங்க. என் சிங்காரி ஒரு சொட்டுத் தண்ணி கேட்டதில்ல, காத்துலயே சூட்டை ஆத்திக்குவா. அவ பாட்டுக்கு ஏறிட்டே இருப்பா." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "சரி, இந்த வாரம் அவளுக்கு எங்க வலியாம்?"

மகன் பொட்டலத்தைப் பிரித்தான். நுனியில் வெடித்துப்போன கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று இருந்தது. காகிதம் ஈரமாகியிருந்தது.

"நேத்து ஸ்டார்ட் ஆயிடுச்சுப்பா. அப்படியே உங்களைக் கூட்டிட்டுப் போக இங்கதான் வந்துட்டிருந்தேன். பாதி வழியில முன்னாடி ஒரே ஆவி. ரேடியேட்டர் போயிடுச்சு. தண்ணி பூரா ரோட்டுல கொட்டிடுச்சு."

கண்ணாடிக்காரர் குழாயைக் கையில் வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நீயே கழட்டினியாப்பா?"

"பின்ன யாரு? அடியில படுத்து, மல்லுக்கட்டிக் கழட்டினேன். முதுகு விட்டுப்போச்சு."

"ஐயோ பாவம்" என்றார் அவர். குழாயின் வெடித்த நுனியை விரலால் தடவினார். "வீட்ல என் ரூம் சும்மாதானே கிடக்கு?"

"அப்படியே இருக்குப்பா. நீங்க வரவேண்டியதுதான் பாக்கி" என்ற மகன் செல்போனில் மணி பார்த்தான். "நல்ல ரேடியேட்டரா தேடணும். ரெண்டு மூணு வாரம் இழுக்கும்போல."

"அவசரமில்லப்பா. நிதானமா தேடு."

மகன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினான். மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் ஓயும்வரை கண்ணாடிக்காரர் அசையவில்லை. பிறகு குனிய முடியாமல் குனிந்து, கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்தார். மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தைமேல் வைத்தார்.

"போஸ்ட் மாஸ்டரே, அலமாரியில என் தட்டைத் திருப்பிக் குடுத்துடும்."

போஸ்ட் மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் வாங்கிய குத்துக்கெல்லாம் சேர்த்து வைத்திருந்த எரிச்சல், அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. "என்னய்யா இது? ஒரு ரேடியேட்டர்தானே? மாத்திட்டா வந்துடப்போறான். அதுக்குள்ள இப்படி உடைஞ்சு போனா எப்படி?"

கண்ணாடிக்காரர் அந்த ரப்பர் குழாயை ஜன்னல் விளிம்பில், மற்றவற்றோடு வரிசையாக வைத்தார்.

"சிங்காரிக்கு ரேடியேட்டரே கிடையாதுய்யா."